விற்பவர் சொல்லாததைப் போன் சொல்லும்

"சிங்கிள் ஓனர் சார். ஒரு வருஷம்கூட ஆகலை. கீழ விழுந்ததே இல்லை." சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் போன் கேட்டு நின்றால், இந்த மூன்று வாக்கியங்களும் ஏறக்குறைய இதே வரிசையில் வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணாடிப் பெட்டிமேல் கிடக்கும் அந்தப் போனிடமும் இதே கேள்விகளுக்கான பதில்கள் உள்ளன. எவ்வளவு காலம் எரிந்தது, தண்ணீரில் விழுந்ததா, யாராவது பிரித்தார்களா என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கிறது. இவற்றில் சில, மென்பொருளில் உள்ள வெறும் எண்கள். கைதேர்ந்த ஆள் மாற்றி எழுதிவிடுவார். மற்றவை மூலக்கூறுகளிலும் உலோகத்திலும் பசையிலும் ஏறியவை. அவற்றை அழித்து எழுத ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எங்குமே ஆள் கிடையாது. எனவே, பொய் சொல்ல முடியாத பாகங்களிலிருந்து தொடங்குவோம்.

முதலில் திரை. முழுக் கறுப்புப் படம் ஒன்றை அந்தப் போனுக்கு அனுப்பித் திறந்து, வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி, கடையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோங்கள். ஓலெட் எனப்படும் கரிம ஒளியுமிழ் திரையாக இருந்தால் அங்கே எதுவுமே தெரியாது. போன் அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது என்று பொருள். பழைய எல்சிடி வகையில் அப்படியில்லை. பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். திரவப் படிகங்கள் அதை மறைக்கும், ஆனால் முழுவதும் மறைக்காது. ஆகவே கறுப்புப் படம் சாம்பலாகக் கசியும். ஓலெட் திரையோடு வெளிவந்த மாடல் இருட்டில் இப்படிக் கசிந்தால், ஒரிஜினல் திரை உடைந்து மலிவான 'காம்போ' ஏறியிருக்கிறது. டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்த்து ஒட்டிய ஒரே தொகுப்புக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. 'கீழ விழுந்ததே இல்லை' என்ற வாக்கியம் அந்த மூலையிலேயே அடிபட்டுப்போகும்.

அடுத்து, வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு படம். இப்போது தேடவேண்டியது பேய் உருவங்களை: கீழே பட்டன் வரிசை, மேலே பேட்டரிக் குறி, நடுவே ஏதோ ஒரு செயலியின் சின்னம் என மங்கலாகத் தெரியும் எரிந்த தடங்கள். 1080-க்கு 2400 அளவுள்ள ஒரு திரையில் சுமார் 26 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலக் கரிம மூலக்கூறுகளின் கூட்டணி. மனிதத் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத படலங்களில் அவை பரவியிருக்கின்றன. மின்சாரம் பாயும்போது மூலக்கூறு கிளர்ச்சியடைகிறது. அமைதியாகும்போது ஒளியை உமிழ்கிறது. இந்த மூன்று நிறங்களில் நீலத்துக்குத்தான் ஆயுள் குறைவு. நீல ஒளிக்குச் சிவப்பைவிட அதிக ஆற்றல் தேவை. அந்த ஆற்றல், மூலக்கூறைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்புகளையே உடைக்கும் அளவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஒளிதரும் வேலையே மூலக்கூறைக் கொல்கிறது. பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய தந்திரம் செய்தார்கள்: பல திரைகளில் நீலப் பகுதியை மட்டும் பெரிதாக வைத்தார்கள். பரப்பு கூடினால் ஒவ்வொரு மூலக்கூறின் மேலும் விழும் சுமை குறையும்.

அப்படியும் ஒரே இடத்தில் ஒரே சின்னம் ஆயிரக்கணக்கான மணி நேரம் எரிந்தால், அங்குள்ள புள்ளிகள் அக்கம்பக்கத்தைவிட முன்னதாக மூப்படைகின்றன. ஷோரூமில் காலை முதல் இரவு வரை ஒரே விளம்பரத்தை ஓட்டிக்கொண்டிருந்த டெமோ போன்களில் இந்தத் தடம் ஆழமாக இருக்கும். 'ஒரு வருஷம்கூட ஆகலை' என்பது அவற்றுக்கு உண்மையாகவே பொருந்தும். அந்த ஒரு வருஷம் எப்படிக் கழிந்தது என்பதுதான் விஷயம். ஒரு மூலக்கூறு உடைந்தால் உடைந்ததுதான். ஃபேக்டரி ரீசெட் அதைச் சரிசெய்யாது.

திரையை விட்டு விலகுவதற்கு முன், ஏதாவதொரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, கையை எடுக்காமல் திரை முழுக்க இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகளின் வலை ஒன்று கண்ணாடிக்கடியில் இருக்கிறது. அது உங்கள் விரல் களவாடும் சொற்ப மின்னூட்டத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் அளந்துகொண்டிருக்கிறது. ஒரு கம்பி செத்துப்போயிருந்தால், சின்னம் அந்தக் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் கையைவிட்டு நழுவும்.

இனி பேட்டரி. எனக்குப் போனிலேயே மிகவும் பிடித்த பாகம் இதுதான். ஏமாற்று வேலை அதிகம் நடக்கும் பாகமும் இதுவே.

ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த லித்தியம் அயனி பேட்டரி, அடிப்படையில் ஓர் இடமாற்ற ஏற்பாடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைகின்றன. கிராஃபைட், அப்பளக் கட்டுபோல அடுக்கடுக்கானது. அந்த அடுக்குகளுக்கிடையே அயனிகள் போய் ஒளிந்துகொள்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்பி வருகின்றன. போகிற அயனியெல்லாம் திரும்பி வந்தால் பேட்டரிக்கு மூப்பே கிடையாது. ஆனால் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. தொழிற்சாலையில் முதல் சார்ஜின்போதே அது தோன்றிவிடும். தோன்றவும் வேண்டும், அதுதான் உள்ளிருக்கும் திரவத்தைச் சிதையாமல் காக்கிறது. அந்தக் காவலுக்குக் கூலி, லித்தியம். ஒவ்வொரு சுற்றிலும் படலம் கொஞ்சம் தடிக்கிறது, கொஞ்சம் லித்தியத்தைச் சிறைப்பிடிக்கிறது. வெப்பம் கூடினால் இது வேகமெடுக்கும். மே மாத வெயிலில் கார் டாஷ்போர்டில் கிடந்த போனின் பேட்டரி, வீட்டுக்குள் கிடந்ததைவிடச் சீக்கிரம் கிழடாகும்.

ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. 15 முதல் அது 1,000 சுற்றுகள். முழுச் சுற்று என்பது சார்ஜரில் செருகும் தடவைகளின் எண்ணிக்கை அல்ல. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. தினமும் ஒரு சுற்று ஓட்டுபவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் 87 சதவீதம் என்று காட்டுகிறதே, அதை யார் அளந்தார்கள்? பேட்டரியின் மின்பாதையில் மிகமிகக் குறைந்த தடையுள்ள ஒரு துண்டு இருக்கும். மின்சாரம் அதைக் கடக்கும்போது எழும் நுண்ணிய மின்னழுத்தத்தை ஒரு சில்லு இடைவிடாமல் படித்து, உள்ளே போன மின்னூட்டம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிக்கொண்டே இருக்கிறது. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று நிரம்பியபின் முழுவதும் காலியாவதற்குள் கடந்துபோகும் எலக்ட்ரான்கள், 1-க்குப் பின் 23 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்று அதிகம். இந்தக் கூட்டத்துக்கு வரவு செலவுக் கணக்கு எழுதும் சில்லு ஒரு அரிசிமணியைவிடச் சிறியது. வியப்புதான். ஆனால் அது எழுதுவது வெறும் எண். வேறு சில்லை மாட்டினால் வேறு எண். அதனால் மூன்று வயது போனில் 100 சதவீதம் என்று கண்டால் எனக்கு 86-ஐவிட அதிகச் சந்தேகம் வரும். ஒன்று, பேட்டரி மாற்றப்பட்டிருக்கிறது. அல்லது, எண் மாற்றப்பட்டிருக்கிறது.

எண்ணை நம்பாமல் வேதியியலையே கேட்க வழி உண்டு. மூத்த பேட்டரிக்குள் அகத்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கும்போது அது தெரியாது. அதிக மின்சாரத்தை ஒரேயடியாக உறிஞ்சும்போதுதான் மின்னழுத்தம் மளமளவென்று சரியும். திரை வெளிச்சம் உச்சத்தில், டார்ச் எரிய, உயர்தரத்தில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். சதவீதம் சீராக இறங்கினால் சரி. 34 என்று காட்டியது திடீரென்று 19-க்குத் தாவினாலோ, போன் அணைந்துபோனாலோ அது கிழட்டு பேட்டரி. பிறகு, திரையை மூடும்படி போனைக் கண்ணாடிப் பரப்பில் கவிழ்த்து, ஓர் ஓரத்தை விரலால் தட்டுங்கள். பம்பரம்போலச் சுழன்றால் அல்லது ஆடினால், உடம்பில் எங்கோ மேடு தட்டியிருக்கிறது. உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம். பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் பட்ட கதைக்குச் சாட்சி இன்னும் சின்னது. ஐபோன்களில் சிம் தட்டை உருவிவிட்டு, அந்தப் பிளவுக்குள் டார்ச் அடித்தால் ஒரு வெள்ளைத் துணுக்கு தெரியும். வேறு பல போன்களிலும் இதுபோல ஒட்டுகள் உள்ளே உண்டு. துணுக்கின் அடியில் சிவப்புச் சாயம் உலர்ந்து காத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதத்துக்கு அது அசையாது. திரவம் தொட்டால் கரைந்து மேலே ஊறிச் சிவக்கும். நனைந்த போனை அரிசிப் பானையில் போட்டு எடுத்தவர்கள் 'காஞ்சிருச்சு, ஓடுது' என்பார்கள். ஓடும்தான். ஆனால் தண்ணீரும் அதிலுள்ள உப்பும் போர்டில் மிஞ்சிய இடத்தில், பேட்டரியின் 4 வோல்ட் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நேர்முனையிலிருந்து செம்பு கரைந்து, எதிர்முனையில் கிளைகிளையாக மரம்போல வளர்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு கிளை எதிர்க்கம்பியைத் தொடும் நாளில் போன் செத்துவிடும். ஒட்டை மாற்றிவிட முடியும், ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஃப்ளாஷை எரியவிட்டுக் கேமரா லென்ஸுக்குள் மூடுபனி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

போனை யாராவது பிரித்தார்களா என்று கண்டுபிடிக்க அழகான ஒரு சோதனை உண்டு. காற்றழுத்தமானி உள்ள, தண்ணீர் புகாத போன்களில் மட்டும் பலிக்கும். அந்த உணரி இருப்பது உயரத்தை அறிய. ஒரு மாடி ஏறினால் குறையும் அழுத்தத்தைக்கூட அது உணரும். அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுவிட்டு, திரையைக் கட்டைவிரல்களால் மெல்ல அழுத்துங்கள். சுற்றிலும் பசை முறையாக ஒட்டியிருந்தால், உள்ளே அடைபட்ட காற்று நசுங்கி, எண் சட்டென்று எகிறும். ஒருமுறை பிரித்து, பசை சரியாக ஒட்டாமல் மூடிய போனில் காற்று ஓரத்தில் தப்பிவிடும்; எண் அசையவே அசையாது. அண்ணாந்து பார்க்கவேண்டிய வானிலையை அளக்கும் கருவியால், ஒரு மெக்கானிக்கின் கைவேலையை அளக்கிறோம்.

சாம்சங் போன்களில் இதைவிடக் கடுமையான சாட்சி ஒன்று சில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது: மின் உருகி. பழைய வீடுகளின் ஃபியூஸ் கம்பியைப் பல ஆயிரம் மடங்கு சுருக்கி, சிலிக்கான் மேல் வரைந்த மெல்லிய இணைப்பு. நிறுவனம் அனுமதிக்காத மென்பொருளை ஏற்றிய கணத்தில், போன் தன் உருகியைத் தானே எரித்துக்கொள்ளும். பூஜ்யமாக இருந்த ஒரு குறி ஒன்றாகிவிடும். மறுபடி நல்ல மென்பொருளை ஏற்றினாலும், எத்தனை முறை ரீசெட் செய்தாலும், அறுந்த இணைப்பு ஒட்டாது. 'டவுன்லோட் மோடு' எனப்படும் திரையில் இந்தக் குறியைப் படிக்கலாம். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் குறுக்கு வழி ஒன்று: 'செக்யூர் ஃபோல்டர்' வசதியைத் திறந்து பாருங்கள். உருகி எரிந்த போனில் அது நிரந்தரமாக முடங்கியிருக்கும்.

இதுவரை போனின் உடல். இனி அதன் பெயர். டயல் திரையில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் என்றால் இரண்டு எண்கள். ஐஎம்இஐ எனப்படும் கருவி அடையாள எண் இது. இலக்கம் இலக்கமாகப் பார்த்தால் சுவாரஸ்யமானது. முதல் இரண்டு இலக்கம், எண்ணை ஒதுக்கிய அமைப்பைக் குறிக்கும்: 35 என்றால் பிரிட்டன், 86 என்றால் சீனா, 91 என்றால் இந்தியா. முதல் எட்டு இலக்கங்களும் சேர்ந்து மாடலைச் சொல்லும். அடுத்த ஆறும் அந்த மாடலில் இந்த ஒரே ஒரு போனை. மிச்சமிருக்கும் கடைசி இலக்கம் எதையும் சொல்லாது. அது மற்ற பதினான்கையும் வேவு பார்க்கும் இலக்கம்.

வேவு பார்க்கும் விதத்தைக் கண்டுபிடித்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உங்கள் டெபிட் கார்டு எண்ணிலும் இதே கணக்குதான். விளக்கங்களில் உதாரணமாகச் சுற்றிவரும் 49015420323751 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள். இரட்டித்தது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். 9 இரட்டித்தால் 18, ஒன்றும் எட்டும் 9. எல்லாவற்றையும் கூட்டினால் 52. அடுத்த முழுப் பத்தான 60-ஐ எட்ட 8 வேண்டும். எனவே பதினைந்தாவது இலக்கம் 8. எந்த ஒரு இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் இந்தக் கூட்டல் இடறும். வாய்க்கு வந்த எண்ணைப் போனில் எழுதிவைக்கும் திருடனும் பத்துக்கு ஒன்பது தடவை இங்கேயே மாட்டிக்கொள்வான். ஒரு தாளும் பேனாவும் போதும்.

கணக்கு தெரிந்த திருடன், வேறொரு நல்ல போனின் எண்ணை அப்படியே பெயர்த்து எழுதுவான். 2020-இல் மீரட் காவல்துறை, 13,000-க்கும் மேற்பட்ட போன்களில் ஒரே ஐஎம்இஐ இருப்பதைக் கண்டுபிடித்தது. லூனின் கணக்கு இங்கே கைவிரித்துவிடும், பதிவேடுதான் உதவும். போன் நெட்வொர்க்கில் சேரும்போது தன் ஐஎம்இஐயைச் சொல்லித்தான் சேர்கிறது. தொலைந்ததாகப் புகார் பெற்ற எண்களை எல்லா நிறுவனங்களின் நெட்வொர்க்கிலும் ஒருசேரத் தடுக்க, மத்தியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தின் வழியே அதைப் பொதுமக்களும் கேட்கலாம். குறுஞ்செய்தி இன்னும் எளிது: கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்கம், அனுப்பவேண்டிய எண் 14422. பதிலில் போனின் நிலையோடு தயாரிப்பாளர் பெயரும் மாடலும் வரும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால், யாரோ பெயர் மாற்றியிருக்கிறார்கள். 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஐபோன் வாங்குபவர்களுக்கு இன்னொரு எண்ணும் பேசும். 'அபவுட்' பக்கத்தில் மாடல் எண்ணின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். எம் என்றால் புதிதாக விற்றது. எஃப் என்றால் நிறுவனமே புதுப்பித்து விற்றது. என் என்றால் பழுதான போனுக்கு மாற்றாகக் கொடுத்தது. கடைசி எழுத்துகள் நாட்டைச் சொல்லும்: எச்என் இந்தியா, எல்எல் அமெரிக்கா. அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். பர்மா பஜாரில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி வந்து, வீட்டில் சிம் போட இடம் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் பூட்டு. 128 ஜிபி போன், ஃபேக்டரி ரீசெட்டில் ஓரிரு நிமிடங்களில் காலியாகிவிடுகிறதே, அவ்வளவையும் எப்படி அழிக்கிறது? அழிப்பதில்லை. உங்கள் படங்களும் பேச்சும் எழுதப்படும்போதே மறையாக்கம் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில்தான், எழுதப்படுகின்றன. ரீசெட் செய்வது அந்தச் சாவியை மட்டும் தொலைப்பது. 256 பிட் சாவி என்றால், வாய்ப்புகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 77 பூஜ்யங்கள் கொண்டது. ஒவ்வொன்றாக முயன்று பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. அப்படியே கிடக்கும் தகவல், யாருக்கும் பயன்படாத இரைச்சலாகிவிடுகிறது.

ஆனால் ரீசெட் செய்த போன் உங்களுடையது ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆப்பிள் 2013-லும் ஆண்ட்ராய்டு 2015-லும் கொண்டுவந்த திருட்டுத் தடுப்புப் பூட்டு, ரீசெட்டுக்குப் பிறகும் பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும். தவணையில் வாங்கிப் பாக்கி வைத்த போனில் கடன் கொடுத்தவரின் பூட்டும் இருக்கலாம். அதுவும் ரீசெட்டுக்கு மசியாது. ஆகவே விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்முன் நீக்கி, ரீசெட் செய்து தரட்டும். இணையத்தில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை பணத்தை வெளியே எடுக்கவேண்டாம்.

இத்தனையும் அரை மணி நேர வேலை. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரு காலும் ஒரு ரெக்கார்டிங்கும் போட்டால் தெரிந்துவிடும்; சார்ஜிங் துளையையும் கைரேகையையும் சார்ஜரைச் செருகி, விரலை வைத்துப் பாருங்கள். சாம்சங்கில் *#0*# அழுத்தினால் பல சோதனைகள் ஒரே பக்கத்தில் வரும். பேட்டரி மட்டும் கிழடு என்றால் நான் வாங்குவேன். மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு. திரையில் லேசான தடம் இருந்தால் இன்னும் நன்றாகக் கழிப்பேன். உள்ளே சிவந்திருந்தாலோ, 14422 வேறு மாடலைச் சொன்னாலோ எந்த விலைக்கும் வேண்டாம். எல்லாம் தேறினால், பழைய பில்லோடு, ஐஎம்இஐ எண் குறித்து விற்பவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டும் அவரது அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் போன் என்று பின்னொரு நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால், இன்ஸ்பெக்டர் நீல மூலக்கூறுகளைப் பற்றிக் கேட்கமாட்டார், சீட்டைத்தான் கேட்பார்.